கழுவி எடுத்த மணல்

பையை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம் சார், கீழே வையுங்கள். மார்த்தாண்டம் வரைக்கும்தான் நெருக்கம். அதற்கப்புறம் காலை நீட்டலாம். நான் நாகர்கோவில் வரை வரவில்லை. தக்கலையில் இறங்கிக் குளச்சல் பஸ் பிடிக்க வேண்டும்.

ஏர்போர்ட்டிலிருந்துதான் வருகிறேன். இந்த உறையைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்களா? சரிதான், உள்ளே பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் யாரையும் வழியனுப்பப் போகவில்லை. யாரையும் கூட்டிக்கொண்டு வரவும் போகவில்லை. அங்கே ஓர் அலமாரியில் எனக்கு ஒரு கைப்பிடி மணல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. களியக்காவிளையில் டீக்கடைக்காரர்கூடக் கேட்கிறார், "என்ன அண்ணாச்சி, மணலுக்கு ஜாமீன் கிடைச்சா?" என்று. அவர் கேலியாகக் கேட்கிறார். ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

என் பெயர் பெர்க்மான்ஸ். குளச்சலுக்குக் கிழக்கே கடற்கரை. ஊர்ப் பெயரைச் சொன்னால் தெரியாது, கருமணல் கிடக்கிற பக்கம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ். கெமிஸ்ட்ரி படித்தேன். பிறகு கல்ஃப். ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கேட் பாஸ் பிரிவு. உள்ளேயிருந்து ஒரு துரும்பு வெளியே போக வேண்டுமென்றாலும் நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை ஒரு நேபாளி, வேலை முடிந்து மொத்தமாக ஊருக்குப் போகிறவன், ஒரு பழைய நட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பம்பில்தான் இத்தனை வருடம் கிடந்தேன், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றான். பாஸ் இருக்கிறதா என்றேன். இல்லை. கழற்றி வாங்கி டிராயரில் போட்டேன். அவன் போய்விட்டான். அங்கே எனக்கு நல்ல பெயர் சார். எதற்குச் சொல்கிறேன் என்றால், விதி தெரியாதவன் இல்லை நான். விதியை நான் குறை சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி கிளீட்டஸ் படிக்கவில்லை. கடல்தான். அவனும் கல்ஃபுக்குத்தான் வந்தான், ஆனால் நான் இருந்த நாடு வேறு, அவன் இருந்த நாடு வேறு. அரபிக்காரனுக்குச் சொந்தமான படகில் மீன்பிடி. கொரோனா நேரத்தில் ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

பாடியை ஊருக்கு அனுப்ப முடியாது என்றார்கள். விமானம் கிடையாது. நான் இருந்த இடத்திலிருந்து அவன் இருந்த இடத்துக்கு ஒரு பகல் பயணம்தான். ஆனால் எல்லையை மூடிவிட்டார்கள். யாரைக் கேட்பது? எல்லோரும் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் அதுதான் விதி.

அங்கேயே ஒரு வெட்டவெளியில் அடக்கம். நம்மைப் போல அந்நிய நாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம். அவன்கூட அதே படகில் இருந்த ரீகன், எங்கள் தெருப் பையன்தான், போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் என் அறையிலிருந்து பார்த்தேன். தம்பி மனைவி செலின் ஊரிலிருந்து பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். அப்பா இல்லையென்றால் மூத்தவன் முதலில் போட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போட முடியாது. பங்குச்சாமியாரே போட்டாலும் அது அவருடைய பிடிதான், என்னுடையது ஆகாது. அங்கே தம்பிக்கு முதல் பிடி போட்டது யார் தெரியுமா? ஜேசிபி. ஒரே தள்ளு. ரீகன் கையில் மண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறான், அதற்குள் குழி மூடிவிட்டது. டிரைவரைத் திட்ட முடியுமா? அவனுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை குழியோ.

நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்ததும் செலினிடம் சொன்னேன். தம்பி கிடக்கிற இடத்துக்கு ஒருதரம் போகப்போகிறேன், நம்ம கரையிலிருந்து மணல் கொண்டுபோய் என் கையால் போடப்போகிறேன் என்று. அவள் அழுதாள். அப்புறம், "வள்ளம் கிடந்த இடத்துல எடுங்க அத்தான்" என்றாள்.

தம்பியின் படகு கரையேறிக் கிடந்த அந்த இடத்தில்தான் எடுத்தேன். எங்கள் கரையில் மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் வெள்ளைக்கு நடுவே மூன்று நிறம் தெரியும் சார். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று. அந்தத் தேன் நிறம்தான் மோனசைட். அதற்குள்ளேதான் தோரியம். கதிர்வீச்சு என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இதுதான். அதன்மேல்தான் நாங்கள் நடக்கிறோம், விளையாடுகிறோம், கருவாடு காயப்போடுகிறோம். கிளீட்டஸ் சட்டையைக் கழற்றிவிட்டு அதன்மேல்தான் மத்தியானம் படுத்துக் கிடப்பான். எழுந்தால் முதுகெல்லாம் மினுங்கும்.

சும்மா அள்ளிக்கொண்டு போகவும் எனக்கு மனசு வரவில்லை. சிப்பித் துண்டு, மீன் செதில், பிளாஸ்டிக் நூல், பீடித் துண்டு, எல்லாம் கலந்து கிடக்கிறது. அதையா தம்பி தலைமாட்டில் போடுவது? ஒரு தட்டில் போட்டுக் கடல்தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி அலசினேன். சாதா மணலுக்குக் கனம் கிடையாது, தண்ணீரோடு போய்விடும். கனமானது அடியில் தங்கும். அலசி, அலசி, கடைசியில் தட்டில் நின்றதைப் பார்க்க வேண்டுமே. ஒரு தூசி கிடையாது. பட்டு மாதிரி. வெயிலில் உலர்த்தி, தம்பி முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்த டாங் ஜூஸ்பொடி பாட்டில் வீட்டில் இருந்தது, அதில் போட்டு மூடினேன். எங்கள் கரையில் அவ்வளவு சுத்தமான மணலை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். செலின்கூடப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏர்போர்ட்டில் பையை மெஷினுக்குள் விட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அவர் பையிலும் ஏதோ பொட்டலம். என்ன இது என்று கேட்டார்கள். "கோயில் மண்ணு" என்றார். போங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாவம், படிக்காத மனுஷன், அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

அடுத்தது நான். பாட்டிலை எடுத்து அந்தப் பெண் குலுக்கிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன பாட்டில் இவ்வளவு கனமா இருக்கே, என்ன இது என்றாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டாள். நானும் மரியாதையாகச் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். இது எங்கள் கடற்கரையின் கன மணல், இதில் இல்மனைட், கார்னெட், மோனசைட் மூன்றும் இருக்கின்றன, மோனசைட்டில் தோரியம் உண்டு, ஆனால் மிகக் குறைந்த அளவு, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குத் தோரியம் என்றால் என்னவென்று புரியவில்லை. அது யுரேனியத்தின் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி என்று விளக்கினேன். யாராக இருந்தாலும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையா?

அவள் பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

அதற்கப்புறம் ஒருவர் வந்தார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஒரு மீட்டர் வந்தது. பாட்டில் பக்கத்தில் கொண்டுபோனதும் டிக் டிக் என்று சத்தம். அடிக்கத்தான் செய்யும், எங்கள் வீட்டுச் சுவரில் வைத்தாலும் அடிக்கும் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெரிய அதிகாரி. ஸ்ரீகுமார் என்று பெயர். நல்ல மனிதர். "சாரே, பாட்டிலை இங்க விட்டுட்டு நீங்க போங்க, பிளேனுக்கு நேரமாச்சு" என்றார்.

பாட்டிலை விட்டுவிட்டு நான் எதற்குப் போக வேண்டும்? அங்கே போய்ச் சும்மா கையை வீசிக்கொண்டு நிற்கவா? முடிவு தெரியட்டும், இருக்கிறேன் என்றேன். உட்கார்ந்திருந்தேன். என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். கண்ணாடி வழியாக அந்த விமானம் திரும்பிப் போவது தெரிந்தது. விசாவும் அப்படியே முடிந்தது.

சோதனைக்கூடத்துக்குக் கொஞ்சம் எடுத்து அனுப்பினார்கள். இதற்கென்று ஓர் அளவு உண்டு சார். அதற்குக் கீழே இருந்தால் அது மண், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு மேலே போனால் அது பொருள். பொருளென்றால் உரிமம் வேண்டும். முடிவு வந்தது: கொஞ்சம்தான் மேலே. சோதித்தவர் ஸ்ரீகுமாரிடம் போனில் சொன்னாராம், அள்ளினபடியே கொண்டுவந்திருந்தால் தாராளமாக அளவுக்குள் இருந்திருக்கும், இது யாரோ தெரிந்தவர் அலசி எடுத்த மணல் என்று. யாரோ தெரிந்தவர்! எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு சந்தோஷம்.

சரி, வெளிநாட்டுக்கு வேண்டாம், என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது கைமாற்றம் என்றார்கள். உரிமம் இல்லாத ஆளுக்குக் கைமாற்றம் செய்யக் கூடாது. சார், என்னிடமிருந்து வாங்கினீர்களே, அது மட்டும் என்ன என்றேன். அது பறிமுதல், கைமாற்றம் இல்லை. சரி, எடுத்த கரையிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள் என்றேன். அது வெளியேற்றம். அதற்கு வேறு பிரிவு, வேறு ஆபீஸ். அந்த ஆபீசுக்கு எழுதினேன். கடற்கரையில் ஏற்கெனவே கிடப்பதைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கரையை விட்டு வெளியே வந்து, ஒரு பாட்டிலுக்குள் போய், திரும்பவும் கரைக்கு வருவதுதான் சிக்கல் என்று பதில் வந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு வரியில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நான் குறை சொல்லவில்லை.

ஆக, அலமாரியில் இருக்கிறது. போகிறபோதெல்லாம் ஸ்ரீகுமார் திறந்து காட்டுவார். தொடக் கூடாது, பார்க்கலாம். டாங் பாட்டிலின்மேல் அரக்கு முத்திரை. பார்த்துவிட்டு வருவேன்.

செலின் ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் என்ன ஆச்சு அத்தான் என்று கேட்பாள். ஒருநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அந்தப் பெண் கேட்டது, நான் மூன்று கனிமமும் விளக்கினது, யுரேனியத்தின் பக்கத்து வீட்டுக்காரன் என்று எளிமையாகச் சொன்னது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "மண்ணுன்னு சொல்லியிருக்கலாம்லா அத்தான்" என்றாள்.

அவளுக்குப் புரியவில்லை. ஏழாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு வருத்தம். மற்றதெல்லாம் விதி.

ரீகன் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனான். எங்கள் ஊரிலிருந்து கல்ஃபுக்குப் போகிறவன் பெட்டியில் கருவாடு இல்லாமல் இருக்காது. செலின் ஒரு பெரிய பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். நானும் பார்த்தேன். பேப்பர் சுற்றி, பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி. கரையில் காய்ந்த கருவாடு, அதில் மணல் ஒட்டத்தானே செய்யும். சமைக்கிறபோது நான்கு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் பல்லில் கடிபடும். அதே ஏர்போர்ட், அதே மெஷின். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "போ, போ" என்று விட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் போனில் ஒரு படம் வந்திருந்தது. எனக்குக் காட்டவில்லை. நான் அவள் வீட்டுக்கு மின்சார பில் விஷயமாகப் போனபோது மேஜையில் கிடந்த போனில் தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மண். ஒரு சிமெண்ட் சிலுவை, அதில் தம்பி பெயர் இங்கிலீஷில், ஓர் எழுத்து தப்பாக. அதன் அடியில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குக் கறுப்பாக மணல். கழுவாத மணல். நடுவில் ஒரு நெத்திலித் தலைகூடக் கிடக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது சார். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குத் தெரியும், பங்குச்சாமியாருக்குத் தெரியும், பூசையில் தனியாக ஒரு வேண்டுதல்கூட வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுப் பானையை வடித்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா நீங்க சொல்லிருவீங்க அத்தான்."

யாரிடம் சொல்வேன்? எதற்குச் சொல்வேன்? கேட்டால்தானே சொல்வேன். யாராவது அதிகாரி நேராக வந்து, கருவாட்டோடு எவ்வளவு மணல் போனது என்று கேட்டால், சரி, அப்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் கேட்க மாட்டார்களே. இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, ஆவி அடித்து முகம் தெரியவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. மணல் போய்ச் சேர்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த மனுஷன் பஸ் பஸ்ஸாக அலைகிறான் என்று. ஊரிலும் அதைத்தான் கேட்கிறார்கள். அவளுடைய பிடி போய்விட்டது சார். ரொம்பச் சந்தோஷம். அது அவள் கட்டிக் கொடுத்தது, ரீகன் உதறிப் போட்டது. நான் அள்ளினது அலமாரியில் இருக்கிறது. மூத்தவன் பிடி இன்னும் விழவில்லை. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போட முடியாது என்று சொன்னேனே.

இன்றைக்குப் போனேன். ஸ்ரீகுமாருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், கதவைக்கூடச் சாத்தினார். "சாரே, எனக்குப் பின்னால வர்றவருக்கு இது ஒண்ணும் தெரியாது. இந்த அலமாரியைக் காலி பண்ணச் சொன்னா எங்கயோ கொண்டு தள்ளிருவாங்க. நான் ஒரு வழி சொல்லட்டா?" என்றார்.

வழி இதுதான். மோனசைட் என்று நான் சொன்னதால்தான் அந்த அளவு, அந்தச் சோதனை, அந்த விதி. நான் முன்னால் சொன்னது தவறு, இது வெறும் மணல்தான் என்று என் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். வெறும் மணலை அந்த விதி தொடாது, சோதனை முடிவை அவர் ஃபைலோடு மூடிவிடுவார். அவர் அந்த நிமிஷமே பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் நான் அதை ரீகனிடம் கொடுத்தாலும் சரி, நானே கொண்டுபோனாலும் சரி, அவர் கேட்கப்போவதில்லை. பேப்பரை நீட்டினார். பேனாவையும் மூடியைக் கழற்றித்தான் கொடுத்தார். பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். கையெட்டும் தூரம்.

பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். பாஸ்போர்ட் நம்பரை உறையிலிருந்து எடுத்துப் பார்த்து எழுதினேன். 'இந்தப் பாட்டிலில் இருப்பது' என்று எழுதினேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று. நல்ல மனிதர் என்று சொன்னேனே.

பாட்டிலைப் பார்த்தேன். எங்கள் கரையில் அவன் படுத்துக் கிடந்த இடம். அலசி அலசி, சாதா மணலையெல்லாம் தண்ணீரோடு விட்டு, கையில் நின்றது அது. அதில் வெறும் மணலைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது சார். பேனா நகரவில்லை.

கடைசியில் உள்ளதைத்தான் எழுதினேன். மூன்று பெயரையும் எழுதினேன், எங்கே எடுத்தது, எப்படி அலசியது என்பதையும் எழுதினேன். அவர் திரும்பி வந்து படித்தார். பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார், பூட்டினார். அந்தப் பேப்பரை மற்றப் பேப்பர்களுக்குமேல் வைத்தார். டீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

செலினுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன். அதிகாரி லீவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டால்தானே.

தக்கலை வந்துவிட்டது போல. கொஞ்சம் காலை மடக்குங்கள், இறங்கிக்கொள்கிறேன். நீங்களும் படித்தவர் மாதிரித்தான் தெரிகிறது, சொல்லுங்கள். அவனுக்குக் கொண்டுபோக எடுத்ததை, வெறும் மணல் என்று நானே எப்படி எழுதுவேன்?